விரைவுச் சாலை வந்துவிட்டது. ரயில் பாதை ஏன் தாமதம்? கோலார் தங்கவயலின் போக்குவரத்தைத் தீர்மானிக்கும் சட்டமும் நிதியும்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், தங்கவயல் வட்டாரத்தை ஒட்டி இரண்டு பெரிய போக்குவரத்துத் திட்டங்கள் நடைபெற்று வருகின்றன. ஒன்று, பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை. மற்றொன்று, மாரிக்குப்பத்தை ஆந்திரப் பிரதேசத்தின் குப்பத்துடன் இணைக்கும் 23.7 கி.மீ. புதிய ரயில் பாதை.

விரைவுச் சாலைக்கு 2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்துக்குள் ஹொசகோட்டே முதல் பேத்தமங்களா வரை அமையும் சுமார் 71 கி.மீ. பகுதியில் 2024-ம் ஆண்டு இறுதியிலேயே வாகனங்கள் ஓடத் தொடங்கின. ரயில் பாதைக்கு 2011-12 நிதியாண்டில் அனுமதி கிடைத்தது. பத்தாண்டுகளைக் கடந்தும் அதன் பணி நீடித்து வந்துள்ளது.

இரண்டும் மத்திய அரசின் திட்டங்களே. நீளத்தில் ரயில் பாதை மிகவும் சிறியது. ஆயினும் சாலை முந்தியது, ரயில் பிந்தியது. இந்த வேறுபாட்டுக்குப் பொறியியல் காரணங்களைவிட, எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறது, எந்த நிதியிலிருந்து பணம் வருகிறது என்பவையே பெரிதும் காரணமாக அமைகின்றன. நாள்தோறும் வேலைக்காகப் பெங்களூரு சென்று திரும்பும் ஆயிரக்கணக்கான தங்கவயல் மக்களின் பயண நேரமும் செலவும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

யாருக்கு எந்தப் பொறுப்பு?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. மத்தியப் பட்டியலின் 22-வது இனம் ரயில்வே. 23-வது இனம், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமோ அதன் கீழோ தேசிய நெடுஞ்சாலைகள் என அறிவிக்கப்பட்ட சாலைகள். மாநிலப் பட்டியலின் 13-வது இனத்தில் பிற சாலைகள், பாலங்கள், படகுத் துறைகள் உள்ளிட்டவை இடம்பெறுகின்றன.

இதன்படி, ஒரே ஊரின் போக்குவரத்து பல அரசுகளின் கையில் பிரிந்து கிடக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில், மத்திய ரயில்வே அமைச்சகத்தின் கீழுள்ள தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. விரைவுச் சாலை, இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் கர்நாடகப் பொதுப்பணித் துறையிடம் உள்ளன. பேருந்துகளைக் கர்நாடக மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைத் தெருக்கள் நகரசபையின் பராமரிப்பில் வருகின்றன.

ஒவ்வோர் அமைப்புக்கும் தனிச் சட்டம், தனி நிதி, தனி முன்னுரிமை உண்டு. ஆகவே, வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரையிலான முழுப் பயணத்துக்கு எந்த ஓர் அமைப்பும் பொறுப்பேற்பதில்லை.

தங்கத்துக்காக வந்த ரயிலும் மின்சாரமும்

தங்கவயலின் உள்கட்டமைப்பு தொடக்கத்தில் இவ்வாறு பிரிந்திருக்கவில்லை. 1880-ம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கப் பணி விரிவடைந்தது. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் குடியேறினர். தங்கத்தின் மீது உரிமைத்தொகை பெற்ற மைசூர் சமஸ்தானத்துக்குச் சுரங்கம் முக்கிய வருவாய் ஆதாரமாக மாறியது. வருவாய் தந்த இடத்தில் சமஸ்தானமும் தயங்காமல் முதலீடு செய்தது.

சென்னை–பெங்களூரு முதன்மைப் பாதையில் அமைந்த பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை சுமார் 16 கி.மீ. கிளைப் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. அது மைசூர் சமஸ்தானத்தின் உடைமையாக இருந்தது. நிலக்கரி, மரம், இயந்திரம், தொழிலாளர் ஆகியோரைச் சுரங்கத்துக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். சுரங்கங்கள் முடிந்த இடத்தில் பாதையும் முடிந்தது. மாரிக்குப்பம் இன்றும் கடைசி நிலையமாக இருப்பதற்கு 19-ம் நூற்றாண்டின் அந்தக் கணக்கே காரணம்.

மின்சாரமும் இதே வழியில் வந்தது. காவிரியில் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தொலைவுக்குக் கம்பிவழி இழுக்கப்பட்டு, 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது. சமஸ்தானத்தின் பெரிய நகரான பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். தொடர்ந்து பணம் செலுத்தக்கூடிய ஒரே பெரிய நுகர்வோர் சுரங்க நிறுவனமாக இருந்ததால், நகரத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்கு மின்சாரம் முதலில் சென்றது. பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்களா ஏரியிலிருந்து குடிநீரும் தங்கவயலுக்குக் கொண்டுவரப்பட்டது.

மூன்று வசதிகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. செலவைத் திருப்பித் தரும் வருவாய் எங்கே கண்முன் தெரிந்ததோ, அங்கே உள்கட்டமைப்பு விரைந்து வந்தது. இந்த விதி இன்றும் பெரிதாக மாறவில்லை. வருவாயின் வடிவம் மட்டுமே மாறியுள்ளது.

சுரங்கம் மூடப்பட்டபின் மாறிய பயணம்

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் மைசூர் மாநில அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. தங்கத்தின் அளவு குறைந்து, ஆழம் கூடி, இழப்பு பெருகியபோது, நலிவுற்ற தொழில் நிறுவனங்களுக்கான 1985-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்தின் விவகாரம் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்துக்குச் சென்றது. நிறுவனத்தைக் கலைக்க 2000-ல் வாரியம் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

1964-ல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை தங்கவயலில் தொடர்ந்து இயங்கினாலும், சுரங்கம் விட்டுச் சென்ற வெற்றிடத்தை அதனால் நிரப்ப இயலவில்லை. தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, சாலை வழியே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரை நாடியது. சுரங்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவரப் போடப்பட்ட கிளைப் பாதை, ஊரிலிருந்து ஆட்களை வெளியே அழைத்துச் செல்லும் பாதையாக மாறியது.

மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் அதிகாலையில் ஏறி, இரவில் திரும்புவோருக்கு மாதாந்திரச் சீசன் டிக்கெட்டே வாழ்வாதாரம். வாடகை மிகுந்த பெங்களூரில் குடியேறாமல், சொந்த ஊரில் வசித்தபடியே குறைந்த ஊதிய வேலைகளுக்கும் சென்றுவர இந்தக் கட்டணமே வழிசெய்கிறது. ஆனால், பாதை மாரிக்குப்பத்தில் முட்டி நிற்பதால், தங்கவயலின் ரயில்கள் வந்த வழியிலேயே திரும்ப வேண்டியுள்ளது. சென்னை, ஜோலார்பேட்டை, காட்பாடி செல்வோரும் முதலில் எதிர்த்திசையில் பங்காருப்பேட்டைக்குச் சென்றே வேறு ரயில் மாற வேண்டும். மாரிக்குப்பம்–குப்பம் இணைப்புக் கோரிக்கையின் அடிப்படை இதுவே. சென்னை–பெங்களூரு முதன்மைப் பாதையில் உள்ள குப்பத்துடன் இணைந்தால், முட்டுப்பாதை ஊடுபாதையாக மாறும். முதன்மைப் பாதைக்கு ஒரு மாற்று வழியும் கிடைக்கும்.

விரைவுச் சாலை எப்படி விரைந்து வந்தது?

பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை, மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு 2017 அக்டோபரில் ஒப்புதல் அளித்த பாரத்மாலா திட்டத்தின் முதற்கட்டத்தைச் சேர்ந்தது. 34,800 கி.மீ. சாலைகளுக்கு 5.35 லட்சம் கோடி ரூபாய் என அப்போது மதிப்பிடப்பட்டது. அடிக்கல் நாட்டு விழாவின்போது, 262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையின் மதிப்பீடு 14,870 கோடி ரூபாய்க்கும் அதிகம் என அறிவிக்கப்பட்டது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களில் பணி பல தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது.

இதன் வேகத்துக்கு முதல் காரணம் நிலச் சட்டம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ல் 1997-ம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நிலம் கையகப்படுத்துவதற்கென்று தனி நடைமுறையை உருவாக்கியது.

பிரிவு 3ஏ-வின்படி, நிலம் எடுக்கும் நோக்கத்தை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கிறது. நிலத்தில் உரிமையுள்ளோர் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபங்கள் விசாரிக்கப்பட்ட பின் பிரிவு 3டி-யின்படி இறுதி அறிவிப்பு வெளியாகிறது. அந்த அறிவிப்பு வெளியானதும் நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடுகிறது. முதல் அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் இறுதி அறிவிப்பு வெளியாகாவிட்டால், முதல் அறிவிப்பு செல்லாததாகிவிடும். ஆகவே, அதிகாரிகள் கோப்பைத் தேக்கிவைக்க இயலாது.

இழப்பீட்டை உரிய அதிகாரி நிர்ணயிக்கிறார். தொகை போதாது எனக் கருதுவோர், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம். ஆனால், தொகை குறித்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் சாலைப் பணி தொடரும். நிலம் கொடுத்தவரின் பார்வையில் இது கடுமையான விதி. திட்டத்தின் பார்வையில் இதுவே வேகத்தின் ஊற்று.

2015 ஜனவரி 1 முதல், 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. அதன்படி, ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பு 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கப்படுகிறது. வரும் தொகைக்குச் சமமான இன்னொரு தொகை ஆறுதல் தொகையாகச் சேர்க்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சந்தை மதிப்பு 10 லட்சம் ரூபாய், காரணி 2 எனக் கொண்டால், நிலத்துக்கான இழப்பீடு 40 லட்சம் ரூபாய் ஆகிறது. மரம், கட்டடம் போன்றவற்றின் மதிப்பு இதில் தனியே சேரும். இந்த உயர்வு, நிலம் கொடுப்போரின் எதிர்ப்பை ஓரளவு தணித்தது. ஆனால், சந்தை மதிப்பு பெரும்பாலும் பதிவு ஆவணங்களின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால், பதிவில் விலை குறைத்துக் காட்டப்படும் ஊர்களில் சர்ச்சை தொடர்கிறது.

இரண்டாவது காரணம் நிதி. 1988-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்குக் கடன் வாங்கும் அதிகாரம் உண்டு. பெட்ரோல், டீசல் மீதான கூடுதல் வரியிலிருந்து வரும் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதியில் அதற்குப் பங்கு உண்டு. சுங்கக் கட்டணம் வழியே வருவாயும் வருகிறது. மேலும், பாரத்மாலா பணிகள் பலவற்றில் பின்பற்றப்படும் கலப்பு ஆண்டுத்தொகை முறையில், கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை மட்டுமே அரசு கட்டுமானக் காலத்தில் தருகிறது. எஞ்சிய 60 விழுக்காட்டை ஒப்பந்ததாரர் திரட்டிக்கொள்கிறார். சாலை முடிந்தபின் ஆண்டுதோறும் தவணையாக அது அவருக்குத் திருப்பித் தரப்படுகிறது. எனவே, ஒரே ஆண்டின் பட்ஜெட்டை மட்டும் நம்பிச் சாலைப் பணி காத்திருப்பதில்லை.

இந்த வேகத்துக்கும் விலை உண்டு. 2023 மார்ச் நிலவரப்படி, பாரத்மாலா முதற்கட்டத்தில் 26,316 கி.மீ. சாலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 8.46 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். குறைந்த நீளத்துக்கு அதிகச் செலவு என்பதே இதன் பொருள். ஆணையத்தின் கடன் சுமை பெருகியதால், 2022-23 நிதியாண்டு முதல் சந்தைக் கடனுக்குப் பதிலாக பட்ஜெட் ஒதுக்கீட்டையே அது பெரிதும் சார்ந்துள்ளது.

ரயில் பாதை ஏன் பிந்தியது?

மாரிக்குப்பம்–குப்பம் பாதை 2011-12-ல் அனுமதி பெற்றபோது, கோலார் மக்களவை உறுப்பினர் கே.எச். முனியப்பா ரயில்வே இணை அமைச்சராக இருந்தார். ஆனால், அனுமதி என்பதும் ஒதுக்கீடு என்பதும் ஒன்றல்ல. ரயில்வேயில் ஒரு திட்டம் அனுமதி பெறும்போது, அது பணிகள் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. அந்த வரிக்கு எதிரே எவ்வளவு பணம் என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவாகிறது.

நாடு முழுவதும் அனுமதி பெற்ற பாதைகளின் மொத்தச் செலவு, ஓராண்டு ஒதுக்கீட்டைப் போல் பல மடங்கு. ஆகவே, சில திட்டங்களுக்கு வெறும் 1,000 ரூபாய் அடையாள ஒதுக்கீடாக வழங்கப்படுவதும் உண்டு; திட்டம் பட்டியலிலிருந்து நீங்காமல் இருப்பதற்கு மட்டுமே அது உதவும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2006-07-ல் அனுமதி பெற்ற சுமார் 70 கி.மீ. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதையும் இத்தகைய தேக்கத்தில் சிக்கியதே.

1924 முதல் தனியே தாக்கல் செய்யப்பட்டுவந்த ரயில்வே பட்ஜெட், 2017-18 முதல் பொது பட்ஜெட்டுடன் இணைக்கப்பட்டது. அதன்பின் ரயில்வேக்கான மூலதன ஒதுக்கீடு பெருமளவு உயர்ந்தது உண்மையே. ஆயினும், நெரிசல் மிகுந்த பாதைகளை இரட்டிப்பாக்குதல், மின்மயம் போன்ற பணிகளுடன் புதிய பாதைகளும் அதே நிதிக்குப் போட்டியிட வேண்டியுள்ளது.

வருவாய்க் கணக்கும் ரயில் பாதைக்குச் சாதகமாக இல்லை. விரைவுச் சாலையில் செல்லும் ஒவ்வொரு வாகனமும் சுங்கம் செலுத்தும். பயணிகள் ரயிலில் நிலைமை நேர்மாறு. சராசரியாக ஒவ்வொரு பயணியின் செலவிலும் 46 விழுக்காட்டை ரயில்வேயே ஏற்பதாக மத்திய அரசு 2024-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சீசன் டிக்கெட்டுப் பயணிகளிடமிருந்து கிடைக்கும் கட்டணம் இன்னும் குறைவு. எந்தக் குறைந்த கட்டணம் தங்கவயல் தொழிலாளிக்கு உயிர்நாடியாக உள்ளதோ, அதே கட்டணம் புதிய பாதையின் வருவாய் மதிப்பீட்டைத் தாழ்த்துகிறது. 1894-ல் இருந்த சரக்கும் சுரங்க நிறுவனமும் இப்போது இல்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, ரயில்வே சட்டத்தில் 2008-ல் சேர்க்கப்பட்ட அத்தியாயம், நெடுஞ்சாலைச் சட்டத்தை ஒத்த நடைமுறையை வழங்குகிறது. ஆனால், அது 'சிறப்பு ரயில்வே திட்டம்' என அறிவிக்கப்படும் பணிகளுக்கே பொருந்தும். மற்ற பாதைகளுக்கு மாநில வருவாய்த் துறையே நிலம் எடுத்துத் தர வேண்டும். குப்பம் பாதை மாநில எல்லையைக் கடப்பதால் இரு மாநில நிர்வாகங்களின் ஒத்துழைப்பும் தேவை. ஒரு பக்கம் நிலம் தயாராகி மறுபக்கம் தயாராகாவிட்டால், போட்ட பாதையில் ரயில் ஓட்ட இயலாது.

மாநிலப் பங்களிப்பு என்ற நிபந்தனை

புதிய ரயில் பாதைகளுக்கு நிலத்தையும் செலவில் பாதியையும் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்ற நடைமுறை கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. கர்நாடகத்தில் பல பாதைகள் இத்தகைய செலவுப் பகிர்வில் நடைபெறுகின்றன. ரயில்வே மத்தியப் பட்டியலில் இருந்தாலும், மாநிலம் எந்தப் பாதைக்குப் பணம் தர முன்வருகிறதோ அந்தப் பாதை முன்னே நகர்கிறது. மாநில நிதித் துறையின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாத மாவட்டம் பின்னே நிற்கிறது.

பங்களிப்பு வாக்குறுதி மட்டும் போதாது என்பதற்கும் கோலார் மாவட்டமே சான்று. மாநில அரசின் பங்களிப்புடன் கோலார் மாவட்டத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலை அமைக்கப்படும் என 2012-13 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சீனிவாசபுரம் வட்டாரத்தில் அமையவிருந்த அத்தொழிற்சாலை உற்பத்தி நிலையை எட்டவில்லை.

பெங்களூரின் புறநகர் ரயில் திட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 2020 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த இந்த 148 கி.மீ. திட்டத்தின் மதிப்பீடு 15,767 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகள் தலா 20 விழுக்காடு தர, எஞ்சிய 60 விழுக்காடு கடனாகத் திரட்டப்படுகிறது. ரயில்வே அமைச்சகமும் கர்நாடக அரசும் சேர்ந்த கூட்டு நிறுவனம் இதனைச் செயல்படுத்துகிறது. ஆண்டு பட்ஜெட்டை மட்டுமே எதிர்பார்க்காத இந்த அமைப்பின் கிழக்கு முனை ஒயிட்ஃபீல்டு. அதற்கப்பால் பங்காருப்பேட்டை வரை நீட்டிக்கும் யோசனை பேசப்பட்டாலும், ஒப்புதல் பெற்ற 148 கி.மீ.-ல் அது இல்லை. ஒயிட்ஃபீல்டு வரையிலான மெட்ரோ ரயில் 2023-ல் நகரின் மையப் பகுதியுடன் முழுமையாக இணைந்தது. அதனால் தங்கவயல் பயணிகள் ஒயிட்ஃபீல்டில் இறங்கி மெட்ரோவுக்கு மாற முடிகிறது. ஆனால், இரண்டு கட்டணம் செலுத்த வேண்டும்.

விரைவுச் சாலையால் உள்ளூருக்குக் கிடைப்பது என்ன?

அணுகல் கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலையில் நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ இயலாது. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே வழி உண்டு. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட இத்தகைய சாலைகளில் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் ஆகியவற்றுக்கு இடமில்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இவை தடை செய்யப்பட்டன. தேசிய நெடுஞ்சாலைகளின் நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கான 2002-ம் ஆண்டுச் சட்டம் இதற்கான அதிகாரத்தை வழங்குகிறது.

சுங்கத்திலும் உள்ளூர்வாசிகள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உள்ளது. 2008-ம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, சுங்கச்சாவடியிலிருந்து 20 கி.மீ. சுற்றளவில் வசிக்கும், வணிகப் பயன்பாடற்ற வாகன உரிமையாளர்களுக்கு மாதாந்திர அனுமதிச் சீட்டு உண்டு. ஆனால், சேவைச் சாலையோ மாற்றுச் சாலையோ இருக்கும் இடத்தில் இச்சலுகை பொருந்தாது.

ஆகவே, விரைவுச் சாலையின் பலன் தங்கவயலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது, அச்சாலையைவிட அதனை ஊருடன் இணைக்கும் சிறிய சாலைகளைப் பொறுத்தே அமையும். அந்தச் சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. மாநில பட்ஜெட், மூலதனச் செலவுக்காக மத்திய அரசு 2020-21 முதல் மாநிலங்களுக்கு வழங்கிவரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன், மத்திய சாலை நிதியின் மாநிலப் பங்கு ஆகியவை அவற்றுக்கான வழிகள். விரைவுப் பேருந்துகளை இச்சாலையில் இயக்குவதும் மாநிலக் கழகத்தின் முடிவே. சொந்தக் கார் இல்லாத தொழிலாளிக்கு விரைவுச் சாலை பயன்பட வேண்டுமெனில், பேருந்து ஒன்றே வழி.

வேலை ஊருக்கு வருமா?

பயணத்தை எளிதாக்குவதற்கு இணையான மற்றொரு வழி, வேலையை ஊருக்கே கொண்டுவருவது. மூடப்பட்ட சுரங்க நிறுவனத்தின் பயன்படுத்தப்படாத நிலத்தில் சுமார் 3,200 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்காகப் பெறுவதில் கர்நாடக அரசு ஆர்வம் காட்டி வந்துள்ளது. நிலம் மத்திய நிறுவனத்தின் உடைமை. தொழிற்பேட்டை அமைப்பது மாநிலச் சட்டத்தின் கீழ் இயங்கும் கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியத்தின் பணி. கனிம உரிமை, சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், 1957-க்கு உட்பட்டது. சுரங்கக் கழிவு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது.

இங்கு தொழிற்சாலைகள் உருவானால், சரக்குப் போக்குவரத்தும் உருவாகும். சரக்கு உருவானால், மாரிக்குப்பம்–குப்பம் பாதையின் வருவாய்க் கணக்கும் மாறும். 1894-ல் பாதையைக் கொண்டுவந்ததும் சரக்கே.

யாரிடம் எதைக் கேட்பது?

தங்கவயல் மக்களுக்கு இந்த விவரங்கள் நடைமுறையில் உதவக்கூடியவை. குப்பம் ரயில் பாதை குறித்துக் கவனிக்க வேண்டியது, அறிவிப்புகளை அல்ல. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட்டுடன் வெளியாகும் ரயில்வே பணிகள் பட்டியலில் அந்தப் பாதைக்கு எதிரே உள்ள தொகையை. அத்தொகையை உயர்த்தக் கோரும் இடம் நாடாளுமன்ற உறுப்பினரும் ரயில்வே அமைச்சகமும். நிலம் தாமதமானால், கேள்வி இரு மாநில வருவாய்த் துறைகளுக்குச் செல்ல வேண்டும். விரைவுச் சாலைச் சந்திப்புகளுக்கான இணைப்புச் சாலை, பேருந்து ஆகியவை சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநில அரசிடமும் கேட்க வேண்டியவை. புறநகர் ரயில் நீட்டிப்புக்கு இரு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும்.

நிலம் கொடுத்த விவசாயிகளைப் பொறுத்தவரை, இழப்பீட்டுத் தொகையை எதிர்த்து நடுவரிடம் முறையிடும் உரிமை சட்டத்திலேயே உள்ளது. நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலத்துக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் வழங்கப்பட வேண்டும் என 2019-ல் உச்ச நீதிமன்றம் தர்செம் சிங் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

சுரங்கம் இயங்கிய காலத்தில், தங்கவயலுக்கு எது தேவை என்பதைச் சுரங்கத்தின் வருவாய் தீர்மானித்தது. இப்போது அதைத் தீர்மானிப்பவை அரசிதழ் அறிவிப்பும் பட்ஜெட் ஒதுக்கீடும். விரைவுச் சாலைக்கு அவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தன. 23.7 கி.மீ. ரயில் பாதைக்கு அனுமதி முன்னே வந்தது. பணம் தவணை தவணையாகப் பின்னே வந்தது. அதிகாலை ரயிலுக்காக மாரிக்குப்பம் நிலையத்தில் காத்திருப்போரைப் பொறுத்தவரை, அந்த இடைவெளியே அவர்களது பயணத்தின் நீளம்.